வேலூர் வெயிலிலும் பிரியாத லோஷன்: தாவரப் பால்மமாக்கிகள்

லோஷனில் எண்ணெயும் நீரும் பிரியாமல் காப்பது பால்மமாக்கி. புட்டியில் 'பெக்-100 ஸ்டியரேட்', 'செட்டியரெத்-20' போன்ற பெயர்கள் இருந்தால், பெரும்பாலும் பெட்ரோலிய வழி எத்திலீன் ஆக்சைடு அதன் தயாரிப்பில் சேர்ந்திருக்கும். மாற்றாகச் சொல்லப்படும் சோயா லெசித்தின் பழுப்பு நிறமும் பிசுபிசுப்பும் கொண்டது, தனியாக நின்று அதிக நீரைத் தாங்குவதும் கடினம் என்பதால், ஆலிவ் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களிலிருந்து பெறப்படும் செட்டியரைல் ஆலிவேட், சார்பிட்டான் ஆலிவேட் கலவையையே பரிந்துரைக்கிறேன். தேன்மெழுகு கெட்டிப்படுத்துமே தவிர, தனித்துப் பால்மமாக்காது.

100 கிராம் லோஷனுக்கு, 73 கிராம் காய்ச்சி வடித்த நீரையும் 3 கிராம் கிளிசரினையும் ஒரு பாத்திரத்திலும், 17 கிராம் நல்லெண்ணெயையும் 6 கிராம் ஆலிவேட் செதில்களையும் மற்றொன்றிலும் எடுத்து, இரண்டையும் வெந்நீரில் இருத்தி 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். போர் தண்ணீரின் உப்புகள் பால்மத்தைக் குலைக்கக்கூடும், அதைத் தவிர்க்கவும். வட ஆற்காட்டில் தாராளமாகக் கிடைக்கும் கடலை எண்ணெயும் பொருந்தும், ஆனால் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு ஆகாது.

எண்ணெயை நீரில் ஊற்றிக் கைப் பிளெண்டரால் மூன்று நிமிடம் அடித்தால் கலவை பால்போல் வெளுக்கும். ஆற ஆறத்தான் கெட்டியாகும் என்பதால், நீர்த்திருக்கிறதே என்று செதில்களைக் கூட்ட வேண்டாம். 40 டிகிரிக்குக் கீழே இறங்கியதும், சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் சேர்ந்த பதனப்பொருள் 1 கிராம் கலந்து, சிட்ரிக் அமிலத்தால் பிஎச் அளவை 5-க்குக் கொண்டுவாருங்கள். இந்த அமிலத்தன்மை இல்லாவிடில் பதனப்பொருள் வேலை செய்யாது.

அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். ஆகவே சிறு புட்டி ஒன்றை இரு வாரம் மாடியறையில் வைத்து, மேலே எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்த பின்னரே, முழங்கையின் உட்புறத்தில் தடவிச் சோதியுங்கள்.