தேன்குழல் பாக்கெட்டும் இரண்டு கேள்வியும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மருத்துவ முகாம் நடத்துகிறவர்கள், வருபவரிடம் "மருந்துச் சீட்டு புரிகிறதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, தேன்குழல் பாக்கெட்டின் ஊட்டச்சத்து விவரத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிக் கையில் கொடுங்கள். "100 கிராமில் 500 கலோரி, பாக்கெட் 250 கிராம். முழுவதும் தின்றால் எவ்வளவு, ஆச்சி? 250 கலோரியோடு நிறுத்த எத்தனை கிராம் தின்னலாம்?"

"புரிகிறதா?" என்றால் கூச்சத்தில் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். அட்டையில் தேடி, கணக்குப் போட்டு, முடிவு சொல்வதுதான் வீட்டில் மருந்துச் சீட்டோடும் செய்ய வேண்டிய வேலை. 2005இல் அமெரிக்காவில் வெளியான 'நியூவஸ்ட் வைட்டல் சைன்' என்ற, மருத்துவத் தகவலைப் புரிந்துகொள்ளும் திறனை அளக்கும் சோதனையும் ஐஸ்கிரீம் லேபிளை வைத்து ஆறு கேள்விகள்தான் கேட்கிறது. மருத்துவச் சொற்களை உரக்கப் படிக்க வைக்கும் ஆங்கிலச் சோதனைகள் தமிழுக்கு உதவா. எழுத்துக்கூட்டத் தெரிந்தவர் 'சிறுநீரகச் செயலிழப்பு' என்பதைப் பொருள் தெரியாமலேயே தடங்கலின்றிப் படித்துவிடுவார்.

நம் அட்டை ஒரு குறிப்புத்தான், மதிப்பெண் போட ஆகாது. கண்புரை உள்ளவர், கண்ணாடியை வீட்டில் விட்டு வந்தவர், எழுத்தறியாதவர் ஆகியோருக்கும் பொருந்தாது. அவர்களிடம் மாத்திரை சாப்பிடும் முறையைச் சொல்லிவிட்டு, "இதை வீட்டில் மகளுக்கு எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள்.