பிள்ளையின் படிப்பும் ஓய்வுக்காலச் சேமிப்பும்: டர்பன் கூரியர் தொழிலாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கூரியர் நிறுவனங்களில் வண்டி ஓட்டியும் கிடங்கில் பார்சல் பிரித்தும் உழைக்கும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிக் குடும்பங்களுக்கு ஜனவரி மாதம் பள்ளிக் கட்டணமும் கல்லூரிச் சேர்க்கையும் ஒன்றாக வந்து நிற்கும் மாதம். அப்போது முதலில் நினைவுக்கு வருவது ஓய்வுக்காலத்துக்கென வேலையில் சேரும் பிராவிடென்ட் ஃபண்டுதான். அதைத் தொடவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் படிப்புக்கு உதவி கேட்க வேறு இடங்கள் உண்டு, முதுமைக்கு அத்தனை இடங்கள் இல்லை. 60 வயதுக்குப் பின் கிடைக்கும் அரசின் முதியோர் உதவித்தொகையும் வருமானத்தையும் சொத்தையும் பார்த்தே வழங்கப்படுகிறது.

2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள முறைப்படி, உங்கள் கணக்கில் சேரும் பங்களிப்பில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பகுதிக்கும், மீதி இரண்டு பங்கு ஓய்வு பெறும்வரை எடுக்க முடியாத பகுதிக்கும் போகிறது. மாதம் 1,000 ராண்ட் சேர்கிறதென்றால், ஆண்டு முடிவில் எடுக்கக்கூடிய பகுதியில் சுமார் 4,000 ராண்ட் இருக்கும். மார்ச் முதல் பிப்ரவரி வரையிலான வரி ஆண்டில் ஒரு முறை மட்டுமே எடுக்கலாம். குறைந்தது 2,000 ராண்ட் எடுக்க வேண்டும்.

பலர் கவனிக்காதது வரி. எடுக்கும் தொகை அந்த ஆண்டின் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். 18 சதவீத வரி வரம்பில் இருப்பவர் 12,000 ராண்ட் எடுத்தால் 2,160 ராண்ட் வரியாகப் போய், 9,840 ராண்ட் மிஞ்சும். அதிலும் நிதி நிர்வாகத்தின் கட்டணம் கழியும். வரித்துறைக்குப் பழைய பாக்கி இருந்தால் அதையும் பிடித்துக்கொள்வார்கள். அதே பணம் ஓய்வு நாள்வரை இருந்தால், மொத்தமாகப் பெறும் தொகையில் முதல் 5,50,000 ராண்டுக்கு வரி இல்லை. முன்பே இப்படிப் பெற்ற தொகை இருந்தால் மட்டும் அந்த வரம்பு குறையும். ஆகவே கல்விக் கட்டணத்துக்கு இந்தப் பணத்தை எடுப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

முதலில் பள்ளியைக் கேளுங்கள். கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளியில், ஒரு பிள்ளைக்கான கட்டணம் பெற்றோர் இருவரின் மொத்த ஆண்டு வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஆனால் முழு விலக்குப் பெற உரிமை உண்டு. அதற்குக் கீழே பகுதி விலக்கும் உண்டு. பள்ளி நிர்வாகக் குழுவுக்குச் சம்பளச் சீட்டுகளுடன் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மறுத்தால் மாகாணக் கல்வித் துறையிடம் மேல்முறையீடு செய்யலாம். விலக்குக் கேட்பதைத் தலைகுனிவாக நினைத்து ஒதுங்கும் பெற்றோர் பலர். இது சட்டம் தந்த உரிமை. கல்லூரிக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மேற்படாவிட்டால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அது அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் எனப்படும் அரசுத் தொழிற்கல்விக் கல்லூரிகளுக்கும் மட்டுமே. தனியார் கல்லூரியில் இடம் பிடித்துவிட்டுப் பிறகு கேட்டால் பயனில்லை.

சில நிறுவனங்கள் ஊழியரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை தருகின்றன. குறிப்பிட்ட சம்பள, தொகை வரம்புகளுக்குள் அதற்கு வரியும் இல்லை. கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் சம்பளப் பேச்சுவார்த்தையில், ஓய்வு நிதிக்கு முதலாளி செலுத்தும் பங்கைக் குறைத்து அதற்கு ஈடாகக் கல்வி உதவி தருவதாகச் சொன்னால், தொழிற்சங்கம் அதை ஏற்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கல்வி உதவி பிள்ளைகள் படிக்கும் சில ஆண்டுகளுக்கே. பிள்ளையில்லாதவருக்கும் படிப்பு முடிந்த வீட்டுக்கும் அதனால் ஒன்றுமில்லை. முதலாளியின் பங்கோ எல்லாருக்கும் வேலையில் இருக்கும் கடைசி மாதம்வரை சேர்கிறது.

ஒப்பந்தக்காரராகப் பைக்கில் விநியோகம் செய்பவருக்கு முதலாளியின் பங்கே கிடையாது. அவர் தாமாக ஓய்வுக்கால ஆண்டுத்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்க வேண்டும்; சிறு தொகையானாலும் கல்விச் சேமிப்பைத் தனிக் கணக்கில் வைப்பது நல்லது.

மாதந்தோறும் சம்பளச் சீட்டில் பிடித்த தொகை நிதியில் உண்மையில் சேர்ந்ததா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மாதம் முடிந்த 7 நாளுக்குள் முதலாளி அதைச் செலுத்த வேண்டும் என்பது சட்டம்; செலுத்தவில்லையென்றால் ஓய்வு நிதிகள் பற்றிய புகார்களை விசாரிக்கும் ஓய்வூதிய நிதித் தீர்ப்பாயரிடம் செலவின்றி முறையிடலாம். கூடவே வாரிசுப் படிவத்தையும் புதுப்பியுங்கள். நீங்கள் இறந்தால் பணத்தைப் பிரிப்பது நிதியின் அறங்காவலர்கள். உங்களை நம்பி யார் யார் படிக்கிறார்கள் என்பது அந்தப் படிவத்தில் இருந்தால் அவர்கள் விசாரணை அங்கிருந்தே தொடங்கும்.