வெளிநாட்டிலிருந்து வந்த மின்சாரப் பற்தூரிகையை நம் ஊரில் பழுதாக்காமல் பாவிப்பது எப்படி

கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு முதலாவது மின்சாரப் பற்தூரிகை, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த சின்னம்மாவின் பயணப்பெட்டிக்குள் இருந்துதான் வந்தது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த விலையுயர்ந்த பிரஷ்களை வைத்திருக்கும் பலருக்கு அவை இப்படித்தான், லண்டனிலிருந்தோ சுவிஸிலிருந்தோ கட்டாரிலிருந்தோ உறவினர் கையால் வந்து சேர்கின்றன. அன்றிரவே பெட்டியைப் பிரித்து, சார்ஜரை ஓர் அடப்டரில் பொருத்தி, மண்டபச் சுவரில் செருகிவிட்டு நான் படுத்துவிட்டேன். விடிந்து பார்த்தபோது சார்ஜரின் வெள்ளைக் கிண்ணம் கைவைக்க முடியாத சூட்டில், உருகிய பிளாஸ்டிக்கின் மணத்தோடு இருந்தது. கைப்பிடி தப்பியது, சார்ஜர் அதன்பின் வேலை செய்யவில்லை.

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ற். நம்முடையது 230 வோல்ற். அடப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றுமே தவிர மின்னழுத்தத்தை மாற்றாது என்பதை நான் அந்தக் காலையில்தான் விளங்கிக்கொண்டேன். ஆகவே, பிரஷ் கையில் கிடைத்ததும் செய்யவேண்டிய முதல் வேலை சார்ஜரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் படிப்பது. ‘இன்புட்’ என்ற சொல்லுக்கு அருகில் 100–240 வோல்ற் என்று இருந்தால் இங்கே பயமின்றிச் செருகலாம்; 120 என்றோ 110–130 என்றோ மட்டும் இருந்தால் செருகவே கூடாது. கைப்பிடியைத் தூக்கி எறியத் தேவையில்லை. அதே வகைக்குப் பொருந்தும், 220–240 வோல்ற்றுக்குரிய சார்ஜரை ஐரோப்பாவிலோ வளைகுடாவிலோ உள்ள உறவினரிடம் சொல்லி எடுப்பித்தால் போதும். கிண்ணத்தின் நடுவிலுள்ள குமிழ் கைப்பிடியின் குழியோடு ஒத்துப்போக வேண்டும் என்பதால், கைப்பிடியின் அடியில் உள்ள வகை எண்ணைப் படமெடுத்து அனுப்புவது நல்லது.

லண்டனிலிருந்து வரும் பிரஷில் சிக்கல் வேறு. மின்னழுத்தம் பொருந்தும், ஆனால் அந்த நாட்டுக் குளியலறைகளில் சவர இயந்திரத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் துவாரத்துக்கு ஏற்ற, இரண்டு உருண்டைக் கால்கள் கொண்ட பிளக்கே அதில் இருக்கும். நம் வீடுகளில் அத்தகைய துவாரம் இல்லை. மேலேயுள்ள புவித்தொடுப்புத் துவாரத்துக்குள் பேனா மூடியைச் செலுத்தி, கீழே இரண்டு கால்களையும் திணிக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தளர்வாக நிற்கும் கால் இரவு முழுவதும் பொறி தட்டிச் சூடேறும். அந்தப் பிளக்குக்கென்றே செய்யப்பட்ட, உருகி (பியூஸ்) பொருத்திய அடப்டர் ஒன்றைப் பாவிப்பதே முறை.

சார்ஜரை எங்கே வைப்பது என்பதும் யோசிக்கவேண்டியது. கிணற்றடியிலும் குளியலறையிலும் வேண்டாம். கைப்பிடி தண்ணீரைத் தாங்கினாலும் சார்ஜர் வாளிக்குள் விழக்கூடாது. முழுமையாக ஏறிய மின்கலம், நாளுக்கு இரண்டு தடவை துலக்கினால், நல்ல வகைகளில் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் போதும். 2022 இல் ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதும், எங்கள் பிரஷ் ஒரு நாள்கூட நின்றதில்லை. எனவே எந்நேரமும் செருகி வைக்கத் தேவையில்லை. குறிப்பாக ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமின்னல் தொடங்கினால் கழற்றி வைப்பதே பாதுகாப்பு. பழைய நிக்கல் மின்கலம் உள்ள கைப்பிடியாயின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது முற்றாகத் தீரும்வரை ஓடவிட்டு, பிறகு முழுமையாக ஏற்ற வேண்டும். லிதியம் மின்கலத்துக்கு அது அவசியமில்லை.

இனித் துலக்கும் முறை. இந்த பிரஷ்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஓரல்-பி போன்றவற்றில் சிறிய வட்டத் தலை இடமும் வலமுமாகத் திரும்பும்; சோனிகெயார் போன்றவற்றில் நீள்தலை நிமிடத்துக்கு 31,000 தடவை வரை அதிரும். இரண்டிலும் கை தேய்க்கக்கூடாது, நகர்த்த மட்டுமே வேண்டும். பற்பசையைப் பயறளவு வைத்து, தலையை வாய்க்குள் வைத்த பின்னரே சுவிட்சை அழுத்துங்கள்; முன்னரே அழுத்தினால் பசை சட்டையெங்கும் தெறிக்கும். வட்டத் தலையாயின் ஒவ்வொரு பல்லிலும் இரண்டு மூன்று வினாடி நிறுத்தி, முரசின் ஓரத்தை ஒட்டி அடுத்த பல்லுக்குச் செல்ல வேண்டும். நீள்தலையாயின் முரசை நோக்கி 45 பாகை சாய்த்துப் பிடிக்க வேண்டும். முப்பது வினாடிக்கு ஒருமுறை இயந்திரம் சற்று விக்கும். அது வாயின் அடுத்த காற்பகுதிக்குப் போகச் சொல்லும் அடையாளம். இரண்டு நிமிடம் முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்தால் பற்பசையின் புளோரைட்டும் கூடவே போய்விடும்.

அழுத்தத்தைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பணத்துக்கு உண்மையில் கிடைக்கும் பெரும்பயன் அழுத்தத்தை உணர்த்தும் விளக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். அம்மாவுக்கு அமத்தித் தேய்த்தால்தான் பல் துலக்கிய திருப்தி. வலக்கைக்காரரான அவருடைய இடப்பக்க மேற்பற்களில், முரசுக்குச் சற்றுக் கீழே, நகம் சிக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. புதிய பிரஷை அவர் முதன்முதலாக எடுத்த அன்று, அந்தப் பக்கத்துக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் பிரஷின் கழுத்திலுள்ள விளக்குச் சிவந்தது. உள்ளங்கையால் பற்றுவதை விட்டுவிட்டு, பேனா பிடிப்பதுபோல் மூன்று விரல்களால் பிடிக்கச் சொன்னேன். ஒரு கிழமைக்குள் சிவப்பு நின்றது. விழுந்த குழி ஆறாது, ஆனால் அவருக்கிருந்த பற்கூச்சம் குறைந்துவிட்டது. கையடக்கத் தொலைபேசியோடு இணைக்கும் செயலியையும் ஐந்தாறு விதமான வேகங்களையும் நாங்கள் முதல் மாதத்தோடு மறந்துவிட்டோம். வாங்கக் காத்திருப்பவர் அவற்றுக்காக மேலதிகமாகச் செலவழிக்க வேண்டாம். நேரங்காட்டியும் அழுத்த விளக்கும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

தொடக்கத்தில் முரசில் சிறிது இரத்தம் கசியலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி பொருத்தியவர்கள், பாவிக்கத் தொடங்கு முன்னரே தங்கள் வைத்தியரைக் கேட்பது அவசியம்.

எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2014 இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, மின்சாரப் பிரஷை மூன்று மாதத்துக்கு மேல் பாவித்தவர்களிடம், சாதாரணப் பிரஷ் பாவித்தவர்களைவிடப் பற்படலம் 21 சதவீதமும் முரசு அழற்சி 11 சதவீதமும் குறைந்திருந்தன. அது நல்ல பயன்தான். ஆனால் வெற்றிலை போடும் அம்மம்மாவின் பற்களில் பல ஆண்டுகளாக ஏறிய காவியும் கல்லாக இறுகிய காறையும் இதனால் போகவில்லை. அவற்றைப் பல் வைத்தியர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். அப்படிப் போகும்போது, வெற்றிலையும் புகையிலையும் போடுபவர்கள் கன்னத்தின் உட்புறத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வாய்ப்புற்றுநோய் நம் நாட்டு ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று.

பராமரிப்பில் பலர் தவறவிடுவது, தலையைக் கழற்றாமலே கழுவுவது. ஒரு நாள் எங்கள் பிரஷின் தலையை இழுத்து எடுத்தபோது, உள்ளே உலோகத் தண்டைச் சுற்றிக் கறுப்புப் பசை வளையமாகப் படிந்திருந்தது. அதில் நாலைந்து சின்ன எறும்புகள் ஒட்டிக்கிடந்தன. நம் ஈரக்காற்றுக்கு இது ஒரு வாரத்திலேயே தொடங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் தலையைக் கழற்றி, இரண்டையும் தனித்தனியே கழுவி, தண்டைத் துணியால் துடைத்து, தலையை நிமிர்த்தி உலரவிடுங்கள். கடலோரக் கிணற்று நீர் சற்று உவர்ப்பாக இருந்தால், துடைக்காமல் விட்ட இடத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். ஈரத்தோடு மூடி போடவே வேண்டாம்.

தலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தும்புகள் விரிந்துவிட்டால் அதற்கு முன்பே. கைப்பிடியைக் குடும்பமே பகிரலாம், தலை ஆளுக்கொன்று. வாங்கும்போது வகையைப் பார்த்து வாங்குங்கள்: ஓரல்-பியில் 2020 இல் வந்த ஐஓ வகையின் தலை பழைய கைப்பிடிகளில் ஏறாது. மலிவான பொதுத் தலைகள் சிலவற்றை நாங்களும் முயன்று பார்த்தோம். தளர்ந்து நின்று கடகடவென்று சத்தம் போட்டன. இப்போதெல்லாம் சின்னம்மா என்ன கொண்டுவர என்று கேட்டால், சொக்லேற்றுக்குப் பதிலாக ஒரு பெட்டித் தலைகளையே கேட்கிறோம்.

சில ஆண்டுகளில் மின்கலம் தளர்ந்து, இரண்டு வாரம் நின்ற மின்னேற்றம் இரண்டு நாளில் தீரத் தொடங்கும். கைப்பிடி ஒட்டி மூடப்பட்டது என்பதால், திறந்து வேறு மின்கலம் போட்டால் நீர் புகாத தன்மை போய்விடும். அந்த நிலையில் அதை வளவில் குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள். லிதியம் மின்கலம் தீயில் வெடிக்கும். இலத்திரனியல் கழிவு சேகரிக்கப்படும் நாளில் அதைத் தனியாகக் கொடுங்கள்.