‘தோன்று’ என்னும் சொல்லின் வேரைத் தேடும் முறை

சொல்லாராய்ச்சியில் புதிதாக இறங்குவோர் ‘தோன்று’ என்ற வினையிலிருந்து தொடங்கலாம். அதன் உறவுச் சொற்கள் அண்டை மொழிகளில் இன்றும் வழங்குவதால், நம் ஊகத்தை நாமே சரிபார்த்துக்கொள்ள முடியும்.

படி 1: வினையடியைப் பிரியுங்கள்

தோன்றினான், தோன்றும், தோன்றாமை ஆகியவற்றில் ‘தோன்று’ வெளிப்படையாகத் தெரிகிறது. ‘தோற்றம்’ வேறுபோலத் தெரிந்தாலும், திருந்து என்பதற்குத் திருத்து இணையாவதைப் போலத் தோன்று என்பதற்குத் தோற்று என்ற பிறவினை உண்டு. அதனோடு ‘அம்’ சேர்ந்து தோற்றம் ஆயிற்று. ஆனால் ‘போட்டியில் தோற்றான்’ என்பதை இங்கே சேர்த்துவிடாதீர்கள். அது ‘தோல்’ என்ற வேறு வினையடியிலிருந்து வந்தது. எழுத்து ஒத்திருப்பதை மட்டும் நம்பி உறவு சொல்லுவதே இத்துறையில் மிகப் பெரிய இடறல்.

படி 2: பொருள்களைத் திரட்டுங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டி, புலப்படுதல், பிறத்தல், மனத்தில் படுதல் ஆகிய பொருள்களைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ‘தோன்றின் புகழொடு தோன்றுக’ என்னும் 236ஆம் குறளில் வரும் தோன்றுதலைப் பரிமேலழகர் பிறத்தலாகவே கொள்கிறார். தலைவனையும் மகனையும் குறிக்கும் ‘தோன்றல்’, செங்காந்தளுக்கு வழங்கும் ‘தோன்றி’ என்ற பெயர் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள். கண்ணுக்குப் புலப்படுதலே அடிப்படைப் பொருள் என்றும், பிறத்தலும் எண்ணம் எழுதலும் அதிலிருந்து விரிந்தவை என்றும் நான் கருதுகிறேன்.

படி 3: உறவு மொழிகளோடு ஒப்பிடுங்கள்

மலையாளத்தில் ‘தோந்நுக’, கன்னடத்தில் ‘தோறு’, தெலுங்கில் ‘தோசு’ என்று இவ்வினை வழங்குகிறது. இவ்வொற்றுமை தற்செயலா என்று ஐயுற்றால் வேறொரு சொல்லை எடுத்துப் பாருங்கள்: தமிழின் ‘மூன்று’ மலையாளத்தில் ‘மூந்நு’ என்றும் பழங்கன்னடத்தில் ‘மூறு’ என்றும் வருகிறது. ஒரே ஒலிமாற்றம் இரு சொற்களிலும் ஒழுங்காக அமைவதே உறவுக்கு உறுதியான சான்று. பல சொற்களில் இவ்வொழுங்கைத் தேடிப் பார்க்காமல் முடிவு கூறுவது முறையன்று. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிட வேர்ச்சொல் அகராதி இதற்குப் பெரிதும் உதவும்.

படி 4: ‘மீண்டும்’ என்ற சொல்லையும் சேர்த்துப் பாருங்கள்

மறைந்தது திரும்ப வெளிப்படுவதை ‘மீண்டும் தோன்றுதல்’ என்கிறோம். ‘மீள்’ என்ற வினையின் எச்சமான ‘மீண்டு’ என்பதோடு ‘உம்’ சேர்ந்து ‘மீண்டும்’ ஆயிற்று. திரும்பி வருதல் என்ற செயலே இங்கு வினையடையாக உறைந்து நிற்கிறது. ‘திரும்ப’ என்பதும் ‘திரும்பு’ என்ற வினையிலிருந்து இவ்வாறே பிறந்தது. அடுத்த பயிற்சியாக அதனை எடுத்து முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.