கடலூரிலேயே ஹெல்த் லா இன்டர்ன்ஷிப்: சட்ட மாணவர்களுக்கு ஒரு செய்முறை

"ஹெல்த் லா இன்டர்ன்ஷிப்" (மருத்துவம் சார்ந்த சட்ட வேலையில் பயிற்சி) என்று தேடினால் டெல்லியும் பெங்களூருவும்தான் வருகின்றன. எனக்கு இரண்டு கோடை விடுமுறை அப்படித் தேடியே போனது. கடலூரிலோ புதுச்சேரியிலோ அந்தப் பெயரில் பலகை எங்கும் தொங்காது. ஆனால் வேலை இருக்கிறது. காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டவர், கேஸ் ஷீட் (மருத்துவமனையின் சிகிச்சைப் பதிவேடு) கேட்டு அலைகிறவர், மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்காதவர் எல்லோரும் வந்து உட்காரும் பெஞ்சு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலும் நுகர்வோர் வழக்கு நடத்தும் வக்கீல் ஆபீசிலும் கிடக்கிறது.

படி 1: இடம். இரண்டில் என் ஓட்டு ஆணைக்குழுவுக்கே. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதனால் ஆட்களை நேரில் பார்ப்பீர்கள். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை என்பதையும் மறக்காதீர்கள். அந்த மாதம் வக்கீலிடம் போனால் பெரும்பாலும் வரைவு எழுதும் வேலைதான்.

படி 2: தேதி. பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் தேவை. ஆனால் எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. நான் ஆறு வாரம் ஒரே மூச்சில் போய், இரண்டு வாரம் கணக்கில் சேராமல் நின்றேன்.

படி 3: கடிதம். நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். முதல் கடிதத்தில் "பொது சுகாதாரத்தில் மிகுந்த ஆர்வம் கொண்டவன்" என்று ஒரு பக்கம் எழுதி மெயிலில் அனுப்பினேன். ஐந்து இடத்திலிருந்தும் பதில் இல்லை. அடுத்த முறை ஐந்தே வரி: பெயர், எந்த ஆண்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, தமிழில் மனு எழுத வரும், கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கித் தருவேன். கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதத்தையும் இணைத்து, நேரில் போய்க் கொடுத்தேன். கிளார்க் அந்த நான்காவது வரியில் விரலை வைத்து, "தமிழ்ல எழுதுவியா தம்பி?" என்றார். திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

படி 4: வேலை. முதல் நாளே தேதிப் பட்டியல் ஒன்று போடுங்கள்: எப்போது அட்மிஷன், எப்போது டிஸ்சார்ஜ், எப்போது காப்பீட்டு மறுப்புக் கடிதம். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டுதான் கெடு, ஆகவே தேதிதான் உயிர். கேஸ் ஷீட் இல்லையென்றால் நோயாளியை மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்க வையுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இதற்கெல்லாம் லேப்டாப் வேண்டாம், லாங் சைஸ் நோட்டுதான் சிறந்தது. நோயாளி பேசும்போது திரை குறுக்கே நின்றால் பாதி விஷயம் வராது. நோயாளியின் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து நண்பர்கள் குரூப்பில் "இது என்னடா?" என்று கேட்பது கூடவே கூடாது.

பிற்சேர்க்கை: அரசு மருத்துவமனை மீது நுகர்வோர் வழக்குப் போடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் இடம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இழப்பீட்டுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய சிக்கல். கடலூர்க்காரர் ஜிப்மர் மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சேர்கிறார். அது புதுச்சேரியில் இருந்தாலும் மத்திய அரசு நிறுவனம். எனவே ஆவணம் கேட்கும் தகவல் அறியும் உரிமை மனு அதன் தகவல் அலுவலருக்கே போக வேண்டும். சென்னைக்கோ புதுச்சேரி அரசுக்கோ அனுப்பினால் சுற்றித்தான் வரும். 10 ரூபாய் கட்டி ஆன்லைனிலேயே போட்டுவிடலாம்.

அப்புறம், இன்டர்ன்ஷிப் டைரியில் வாரா வாரம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கடைசி நாள் நான் போனபோது சார் லீவு. அந்த ஒரு கையெழுத்துக்காக இரண்டு தடவை பஸ் ஏறினேன்.