ஃபிரீஸ்லாந்தில் ஒரு நாள்: எங்கே முதலில் போவது?

நெதர்லாந்து என்றால் ஆம்ஸ்டர்டாமோடு திரும்பிவிடாதீர்கள். வடக்கே ஃபிரீஸ்லாந்து மாகாணத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். அதன் தலைநகர் லேவார்டனுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அங்கிருந்து ஹார்லிங்கன் போகும் ரயிலில் ஏறி, முதலில் ஃப்ரானெக்கரில் இறங்கி, அங்குள்ள வீட்டுக் கோளரங்கத்தைப் பாருங்கள். 1774-இல் கோள்கள் மோதி உலகம் அழியும் என்ற பீதி பரவியபோது, அய்சே அய்சிங்கா என்ற கம்பளி சிக்கெடுக்கும் தொழிலாளி, பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட, தன் வீட்டுக் கூடத்தின் உட்கூரையிலேயே சூரியக் குடும்பத்தின் இயங்கும் மாதிரியை அமைக்கத் தொடங்கினார். 1781-இல் முடித்தார். மரச் சக்கரங்களும் ஆணிகளும் ஊசல் கடிகாரமும் சேர்ந்து இன்றும் கோள்களை நிஜ வேகத்தில் நகர்த்துகின்றன. சனி ஒரு சுற்று வர 29 ஆண்டுக்கு மேல் ஆகும், காத்திருக்க வேண்டாம்! அப்புறம் மறக்காமல் மாடிக்கு ஏறுங்கள். கீழே அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புபவர்களுக்கு, பல்சக்கர இயந்திரம் மேலே இருப்பது தெரியாமலே போய்விடும். 2023 முதல் இந்தக் கோளரங்கம் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

மாலையில் லேவார்டனில் ஓல்டஹோவ கோபுரம். 1529-இல் கட்டத் தொடங்கியதுமே சாயத் தொடங்கி, பாதியில் நின்றுபோனது. மேலே ஏறலாம்.

லெம்மரில் 1920-இல் திறந்த, நீராவி இயந்திரத்தால் நீரை இறைத்து வெளியேற்றும் நிலையமும் பார்க்க வேண்டியதுதான். வெள்ளம் மிகுந்தால் இன்றும் அதை இயக்குகிறார்கள். ஆனால் அந்த ஊருக்கு ரயில் இல்லை, பஸ்தான். அதற்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைகளில் பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும், நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.