அமிலத்துக்குப் பக்கத்தில் எஃகு: வீட்டில் நகைப் பட்டறை அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளி வேலை பழகும் ஒரு பெண், போன மாதம் தன் வீட்டுப் பட்டறையைப் பார்க்க வரச் சொன்னாள். சின்ன அறை. தீக்குழல், பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம், அதையடுத்து அமிலத் தொட்டி, அதை ஒட்டியே தகடு உருட்டும் ரோலிங் மெஷின். "நாற்காலியை விட்டு எந்திரிக்கவே வேண்டாம் அக்கா, எல்லாத்தையும் வேலை நடக்கிற வரிசையிலேயே வச்சிருக்கேன்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினோரு வருடத்துக்கு முன் நானும் அச்சு அசலாக அப்படித்தான் வைத்திருந்தேன்.

கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், முடியைக் கட்டுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். பார்வைக்குச் சரியாக இருந்து பின்னால் காலை வாரும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

தாழ்ந்த மேசை

எழுதும் மேசை ஏறக்குறைய 75 செ.மீ. உயரம் இருக்கும். நகை வேலைக்கு 90 முதல் 100 செ.மீ. வேண்டும். உட்கார்ந்தால் வேலை நெஞ்சுக்கு நேரே வர வேண்டும், முழங்கைக்கு மேசை தாங்கல் கொடுக்க வேண்டும். தாழ்ந்த மேசையில் குனிந்து அறுத்தால் ரம்ப பிளேடு சாய்ந்தே இறங்கும், படபடவென்று உடையும். கை பழகவில்லை என்று நாம் நம்மையே நொந்துகொள்வோம். மேசைக் கால்களுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளைக் கொடுத்து ஆட்டமில்லாமல் உயர்த்துங்கள். கழுத்து வலி பாதி அங்கேயே தீரும்.

அமிலத் தொட்டியும் எஃகும் ஒரே அறையில்

பற்றவைத்த வெள்ளியில் கறுத்த ஆக்சைடும், பற்றவைக்கத் தடவிக் கண்ணாடிபோல் உறைந்த வெங்காரமும் ஒட்டிக்கிடக்கும். அது போகத்தான் அமிலக் கரைசலில் போட்டெடுக்கிறோம். வீட்டில் பெரும்பாலும் சோடியம் பைசல்பேட் உப்பைக் கரைத்து வைத்துக்கொள்வார்கள். நீச்சல்குளத் தண்ணீரின் காரத்தைக் குறைக்கப் போடுகிறார்களே, அதே உப்பு. டப்பாவில் தூளாக வருவதால் அதன்மேல் நமக்குப் பயமே வருவதில்லை. ஆனால் தண்ணீரில் கரைந்துவிட்டால் அது அமிலம்தான். சூடாக இருந்தால் வேகமாக வேலை செய்யும் என்று இளஞ்சூட்டிலேயே வைத்திருப்போம். அப்போது எழும் ஈர ஆவி, அமிலத்தையும் நுண்துளிகளாகத் தூக்கிக்கொண்டு போய்க் குளிர்ந்த எஃகின்மேல் படியும்.

பதினோரு வருடத்துக்கு முன், என் தொட்டியும் எஃகுச் சாமான்களும் ஒரே அறையில் இருந்தபோது, மூன்று வாரம் வெளியூர் போக வேண்டியிருந்தது. கிளம்பும் அவசரத்தில் தொட்டியின் சூட்டை அணைத்தேன், மூடியைப் போடவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது சுத்தியல் முகங்கள், அரங்கள், கம்பி இழுக்கும் கம்பியச்சு எல்லாம் செம்பழுப்பாக இருந்தன. சுத்தியல்களைத் தேய்த்து மீட்டேன். அரங்களில் பாதி குப்பைக்குப் போயின. ரோலிங் மெஷினை எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, தப்பித்தது என்றுதான் நினைத்தேன்.

முதல் தகட்டை உருட்டி வெளியே எடுத்ததும் மூன்று சின்ன மேடுகள் தெரிந்தன. கடுகில் பாதிகூட இருக்காது. தேய்த்துவிடலாம் என்று தகட்டைத் திருப்பினால், கொஞ்ச தூரம் தள்ளி அதே மூன்று மேடுகள், அதே இடைவெளியில். மேல் உருளையில் துரு மூன்று குழிகளைத் தின்றிருந்தது. உருளை ஒரு சுற்று வரும்போதெல்லாம் அந்தக் குழிகள் தகட்டில் மேடாக அச்சாகும். 50 மி.மீ. விட்டமுள்ள உருளை என்றால் ஏறக்குறைய 157 மி.மீ.க்கு ஒருமுறை. இனி எத்தனை தகடு உருட்டினாலும் அத்தனையிலும் அது வரும்.

அதற்கு மேல் நான் செய்ததுதான் இன்றும் என்னை எரிச்சலூட்டுகிறது. உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தை மட்டும் தேய்த்தேன். குழிகள் போகவில்லை, அவற்றைச் சுற்றிப் பள்ளம் விழுந்தது. அதன்பிறகு வந்த தகடெல்லாம் அந்த இடத்தில் தடித்து, ஓரத்தில் மெலிந்து, நெளிந்தே வந்தது. கடைசியில் இரண்டு உருளைகளையும் கழற்றி, கிரைண்டிங் மெஷினில் கொடுத்து ஒரே அளவாகச் சீவி வாங்க வேண்டியதாயிற்று. புது மெஷின் விலையில் பாதி அதற்கே போனது. இரண்டு மாதம் உருட்டும் வேலையே நடக்கவில்லை. தொட்டியை அடுத்த அறையில் வைத்திருந்தால் பத்தடி நடந்திருப்பேன், அவ்வளவுதான்.

ஆவியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அமிலத்திலிருந்து எடுத்த வெள்ளியைப் பெயருக்கு அலசிவிட்டு ஈரத்தோடு உருளைக்குள் விடுகிறோமே, அதுவும் இதே வேலையைத்தான் செய்யும். கம்பி முறுக்கின் இடுக்கிலும் இணைப்பின் மடிப்பிலும் அமிலம் ஒளிந்திருக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்குங்கள், நல்ல தண்ணீரில் அலசுங்கள், துணியால் ஒற்றி முழுக்கக் காய்ந்த பிறகே மெஷின் பக்கம் கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் தொட்டியை மூடுங்கள். உருளைகளின்மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு எப்போதும் இருக்கட்டும், உருட்டுமுன் துடைத்துக்கொள்ளலாம். சிட்ரிக் அமிலத்துக்கு மாறினால் பிரச்சினை தீருமா என்று பலர் கேட்கிறார்கள். அது மெதுவாக வேலை செய்யும், கொஞ்சம் சாது. ஆனாலும் அமிலம்தான். அதற்கும் இடம் அடுத்த அறையில்தான்.

இன்னொன்று. தொட்டிக்குள் இரும்புச் சாமணத்தை விடாதீர்கள். பலமுறை பயன்படுத்திய கரைசலில் செம்பு கரைந்திருக்கும். இரும்பு பட்டதும் அந்தச் செம்பு உள்ளே கிடக்கும் வெள்ளியின்மேல் படிந்து எல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். செம்பு, மரம், பிளாஸ்டிக் இடுக்கி போதும்.

எங்கும் ஒரே பளீர் வெளிச்சம்

அறுக்க, கல் பதிக்க நல்ல வெளிச்சம் வேண்டும். பற்றவைக்கும் மூலைக்கு வேண்டாம். 92.5 சதவீத வெள்ளியில் கடினப் பொடி (பற்றவைக்கும் பொடிகளில் அதிகச் சூடு கேட்பது) 780 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓடும், வெள்ளியே 800ஐ ஒட்டி இளகத் தொடங்கும். நடுவில் இருப்பது அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுப்பது உலோகத்தின் சிவப்பு நிறம், பளீர் விளக்கில் அது கண்ணுக்கே தெரியாது. "திடீர்னு உருகிடுச்சு" என்பார்கள். அது திடீரென்று உருகுவதில்லை, முன்கூட்டியே நிறம் மாறிக் காட்டும். அந்த மூலைக்குத் தனி ஸ்விட்ச் வையுங்கள், தீயைப் பற்றவைத்ததும் விளக்கை அணையுங்கள்.

தலைக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன்

புகை மேலே போகும், அதனால் ஃபேனும் மேலே என்று பொருத்திவிடுகிறார்கள். வேலையின்மேல் குனிந்திருக்கும் உங்கள் மூக்கைத் தாண்டித்தான் அந்தப் புகை ஃபேனுக்குப் போகும். உறிஞ்சும் வாய் வேலைக்குப் பின்னால், மேசை மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். வெளிக்காற்று உள்ளே வர எதிர்ப்பக்கம் ஒரு திறப்பும் வேண்டும், இல்லாவிட்டால் ஃபேன் சும்மா சுற்றும். காட்மியம் கலந்த பொடியை எந்த ஃபேனை நம்பியும் வீட்டில் தொடாதீர்கள். காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும், அந்த ஆவி உயிரையே எடுக்கும்.

எரிவாயு சிலிண்டர்

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். தரைக்குக் கீழுள்ள அறையில் வைக்காதீர்கள்.

ஈயம் பட்ட அரம்

வெள்ளிக்கு ஒரு செட், ஈயப் பற்றவைப்புக்கு வேறு செட். அரத்தின் பல்லில் ஒட்டிய துளி ஈயம் வெள்ளியோடு தீயில் போனால் வெள்ளியை ஓட்டை போட்டுவிடும்.

பாலிஷ் மோட்டார் முன் கையுறை

போடாதீர்கள். சக்கரம் கையுறையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

ரெசினுக்கும் அதே மேசை

ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்) வேலையும் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இறுகும் வரை அது ஒட்டும் பசை, பாலிஷ் தூசி முழுக்க அதன்மேல்தான் உட்காரும். பாலிஷ் போடும் நாளில் ரெசின் ஊற்றாதீர்கள். ஊற்றிய அச்சுகளை மூடிபோட்ட பெட்டிக்குள் வையுங்கள். இறுகாத ரெசினை வெறுங்கையால் தொடவே வேண்டாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அடுத்தடுத்த முறை துளி பட்டாலே தோல் தடித்துக்கொள்ளும். நைட்ரைல் கையுறை இங்கேதான் போட வேண்டும்.